கழிபொருளும் ஊர் வழக்கமும்

பழைய செய்தித்தாளைத் தெருக்குப்பையில் எறிந்துவிடும் குடும்பத்தை நம் நாட்டில் காண்பது அரிது. அது நாள்தோறும் மடித்து அடுக்கப்படுகிறது. மாதக் கடைசியில் கயிற்றால் கட்டப்பட்டு, தராசுடன் வரும் வியாபாரியின் குரலுக்காகக் காத்திருக்கிறது. காலிப் புட்டி, எண்ணெய்த் தகரம், உடைந்த பிளாஸ்டிக் வாளி, பித்தளைக் குழாயின் துண்டு, ஓடாமற்போன மின்விசிறி ஆகியவற்றின் கதையும் இதுவே. இவற்றை வாங்க வருபவருக்கு ஊருக்கொரு பெயர் உண்டு. தில்லியில் அவர் கபாடிவாலா, மும்பையில் காகிதம் வாங்குபவர் ரத்திவாலா, இரும்பும் தகரமும் வாங்குபவர் பங்கார்வாலா, கொல்கத்தாவில் பிக்ரிவாலா. கன்னடத்தார் குஜரி என்றும் மலையாளத்தார் ஆக்ரி என்றும் இச்சாமான்களைக் குறிப்பர். தமிழ்நாட்டில் அவை சென்று சேரும் இடம் காயலான் கடை.

இவ்வியாபாரத்தில் காசு கைமாறாத முறையும் நெடுநாள் வழக்கில் இருந்தது. பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுத்த தள்ளுவண்டிக்காரரை நடுவயதினர் மறந்திருக்க மாட்டார்கள். குஜராத்திலும் தில்லியிலும் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்கள் தலைச்சுமையுடன் வீதிகளில் சென்றனர். அவ்வாறு திரட்டிய துணிகளில் உடுத்தத் தக்கவை வாரச் சந்தைகளில் மறுபடியும் விலைபோகும். கிழிந்தவை எந்திரம் துடைக்கும் கந்தலாகும். கந்தல் கம்பளியைப் பிய்த்து மீண்டும் நூலாக்கும் தொழில் ஹரியானாவின் பானிப்பட்டில் பெருந்தொழிலாகவே வளர்ந்துள்ளது. வெளிநாடுகளின் பழந்துணியும் அங்கு வந்து இறங்குகிறது.

மேற்கூறியவற்றுள் எதனையும் வீட்டார் குப்பை என்று அழைப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. விலை உள்ளது சாமான், விலையற்றது குப்பை. இப்பாகுபாட்டைக் கற்பிக்கப் பள்ளியும் தேவைப்படவில்லை, பிரசாரமும் தேவைப்படவில்லை. ஆகவே, இந்தியக் குடும்பங்களுக்குக் கழிபொருளைப் பிரித்து வைக்கத் தெரியாது என்று மேடைகளில் கூறப்படுவது பொருந்தாக் கூற்றாகும். ஒரு பகுதியைப் பிரிப்பதில் அவர்களுக்குத் தலைமுறைப் பயிற்சி உண்டு. எஞ்சிய பகுதியைப் பெரும்பாலோர் ஏன் பிரிப்பதில்லை, சில ஊர்களில் மட்டும் ஏன் பிரிக்கின்றனர் என்பதே ஆராயத்தக்க வினா. வீட்டாரின் அறிவிலும் ஒழுக்கத்திலும் இதற்கு விடை தேடுவோர் பலர். ஆனால், வாசலுக்கு யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள், வாங்கிச் சென்றதை என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால் விடையின் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

எருக்குழியிலிருந்து குப்பைமேட்டுக்கு

சிற்றூரில் விலையற்ற பொருளுக்கும் ஓர் இடம் இருந்தது. அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டி வழியே மாட்டுக்குச் சென்றன. சாணமும் சாம்பலும் கூளமும் எருக்குழிக்குச் சென்றன. உழவர் பேச்சில் குப்பை என்ற சொல்லே எருவைக் குறிக்கும். வயலுக்குக் குப்பை அடிப்பது கோடைகால வேலைகளுள் ஒன்று.

இவ்வழக்கத்தை விஞ்ஞான முறைக்குக் கொண்டுவந்த ஆராய்ச்சிகள் நம் நாட்டிலேயே நடைபெற்றன. ஆல்பர்ட் ஹோவார்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்தபோது, யஷ்வந்த் வாத் என்பாருடன் சேர்ந்து வகுத்த உரம் தயாரிக்கும் முறை ‘இந்தூர் முறை’ என்றே உலகெங்கும் பெயர் பெற்றது. குவியலை அவ்வப்போது புரட்டிக் காற்றுப் புகவிடுவது அதன் சாரம். 1939-இல் சி. என். ஆசார்யா பெங்களூரில் உருவாக்கிய முறையோ நகரங்களை மனத்திற்கொண்டு அமைந்தது. நகரக் குப்பையையும் மலத்தையும் பள்ளத்தில் அடுக்கடுக்காக இட்டு, மேலே மண் மூடி, புரட்டாமலே மக்கவிடுவது அதன் வழி. இவ்விரு முறைகளும் வெற்றி பெற்றதற்கு அக்காலக் குப்பையின் தன்மையும் ஒரு காரணம். அதில் மக்காத பொருள் எனச் சில ஓட்டுத் துண்டுகளும் கண்ணாடிச் சில்லுகளுமே இருந்தன.

பிளாஸ்டிக் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. ஆயினும் பிளாஸ்டிக் அனைத்தும் ஒரே இனம் அல்ல. தண்ணீர்ப் புட்டிக்கு விலை உண்டு. வாளிக்கும் குடத்துக்கும் விலை உண்டு. கழுவிக் காயவைத்த பால் உறைக்கும் விலை உண்டு. கடையில் தரும் மெல்லிய பை எடை நிற்பதில்லை; ஆதலால் அதை எடுப்பார் இல்லை. ஷாம்பூ, காபித்தூள், வறுவல் ஆகியவற்றின் பளபளப்பான உறைகளோ பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டவை. அடுக்குகளைப் பிரித்தெடுத்து விற்பது கட்டுப்படியாகாது. இவ்வாறு, மாட்டுக்கும் ஆகாமல், எருக்குழிக்கும் ஆகாமல், தராசுக்கும் ஆகாமல் நிற்கும் மூன்றாவது வகை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் தோன்றிவிட்டது. நாள்கூலியில் வாழும் குடும்பம் பெரிய புட்டிக்குப் பணம் திரட்ட இயலாமல் சிறு உறைகளாகவே வாங்குவதால், இம்மூன்றாம் வகை ஏழை வீடுகளிலும் குறைவாக இருப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் இட்டால் கேடு பன்மடங்காகிறது. இந்திய நகரக் குப்பையில் ஏறத்தாழ பாதி எடை உணவுக்கழிவும் பிற மக்கும் பொருள்களுமாகும். அதில் ஈரம் மிகுதி. காகிதம் அதில் நனைந்தால் விலை இழக்கிறது. உணவுக்கழிவில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கலந்தால் அதிலிருந்து பெறும் உரத்தை உழவர் வயலில் இடத் துணியார். ஈரக்குப்பை எரியுலையிலும் நன்றாக எரிவதில்லை. உயரமாகக் கொட்டிய குவியலுக்குள் காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் வாயு பிறக்கிறது. அது தீப்பற்றக் கூடியது. 2017 செப்டம்பரில் தில்லியின் காசிப்பூர் குப்பைமேடு சரிந்து இருவர் உயிரிழந்தனர். 2023 மார்ச்சில் கொச்சியை அடுத்த பிரம்மபுரத்தில் பற்றிய தீ பத்து நாள்களுக்கு மேல் புகைந்து நகர் முழுவதையும் மூச்சுத் திணறச் செய்தது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020–21-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டில் நாளொன்றுக்குச் சுமார் 1,60,000 டன் நகர்க்கழிவு உண்டாயிற்று. அதில் சுமார் 1,52,700 டன் திரட்டப்பட்டது. முறைப்படி பக்குவப்படுத்தப்பட்டதோ சுமார் 80,000 டன். திரட்டுவதில் அன்று, திரட்டியதை என்ன செய்வது என்பதிலேயே பெரும் இடைவெளி இருக்கிறது என்பதை இக்கணக்கு தெளிவாக்கும். உச்ச நீதிமன்றத்தில் 1996-இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கின் விளைவாக 2000-ஆம் ஆண்டில் நகர்க்கழிவு விதிகள் பிறந்தன. அவற்றின் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டு விதிகள் வீட்டிலேயே மக்குவது, மக்காதது, தீங்கு பயப்பது என மூன்றாகப் பிரித்துத் தருவதைக் குடும்பத்தின் கடமையாக்கின. கழிவு பொறுக்கி வாழ்வோரையும் இவ்வேலையில் ஓர் அங்கமாக ஏற்றுக்கொண்டன. விதி நாடு முழுவதற்கும் ஒன்றாக இருந்தது. ஊர்கள் சென்ற வழிகளோ வெவ்வேறு.

பொறுக்கியவரே வண்டிக்காரரான ஊர்

புனே நகரில் இவ்விதிகளுக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. தெருத்தொட்டிகளில் கைவிட்டுத் துழாவிக் காகிதமும் தகரமும் பொறுக்கிய பெண்கள் அந்நகரில் ஆயிரக்கணக்கில் இருந்தனர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். மாதர் பல்கலைக்கழகம் ஒன்றின் முதியோர் கல்விப் பகுதியினர் அவர்களுக்கு எழுத்தறிவிக்கச் சென்றபோது, எழுத்தைக் காட்டிலும் அவசரமான பிரச்சினைகள் எதிர்ப்பட்டன. கலந்த குப்பையில் உடைந்த கண்ணாடியும் ஊசியும் கிடந்தன, கைகள் புண்ணாயின, திருடர் என்ற பழிச்சொல் வேறு. வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால் இப்பெண்களின் கையும் தப்பும், காகிதமும் நனையாமல் நல்ல விலை பெறும் என்ற எளிய கருத்து அங்கே உருவாயிற்று. 1993-இல் பாபா ஆதவ் போன்ற தொழிலாளர் தலைவர்களின் துணையுடன் அவர்களுக்குச் சங்கம் அமைந்தது. ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’ என்பது அதன் பெயர். காகிதம், கண்ணாடி, தகரம் திரட்டும் உழைப்பாளர் மன்றம் என்று அதனைத் தமிழில் கூறலாம்.

இச்சங்கத்திலிருந்து தோன்றிய ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவு அமைப்பு 2008-இல் புனே மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் ஏற்பாடு வருமாறு: உறுப்பினர் இருவர் ஒரு கைவண்டியுடன் குறித்த வீடுகளுக்குச் சென்று, ஈரக்கழிவையும் உலர்கழிவையும் தனித்தனியே பெறுவர். ஈரக்கழிவு மாநகராட்சி லாரியில் சேர்க்கப்படும். உலர்கழிவில் விலைபோவது அனைத்தும் அவர்களுக்கே சொந்தம். வீட்டார் மாதந்தோறும் ஒரு சிறு கட்டணத்தை அவர்களிடமே கொடுத்துவிடுவர். குடிசைப் பகுதிகளில் அக்கட்டணம் குறைவு.

இதன் நுட்பம் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்த்தல் நலம். கலந்து கொடுத்தால் வண்டிக்காரப் பெண்ணுக்கு அன்றைய வருமானம் குறையும். ஆதலால் அவரே வாசலில் நின்று வீட்டாரை வற்புறுத்துகிறார். இதற்கென ஒரு மேற்பார்வையாளரை நியமிக்க வேண்டியதில்லை. நாள்தோறும் அதே முகம் வருவதால் வீட்டாருக்கும் அவரிடம் ஒரு கூச்சம், நாளடைவில் ஒரு பரிவு. குழந்தைகளின் அரைத்துணிப் பஞ்சும் மாதவிடாய்த் துணிகளும் கலந்து வருவது இப்பெண்களுக்கு மிகப் பெரிய அருவருப்பாக இருந்தது. அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் புள்ளி இட்டுத் தனியே தரவேண்டும் என்ற வழக்கத்தை அவர்கள் நாளடைவில் பரப்பினர். எந்த விதியும் எட்டாத ஒரு நுண்ணிய இடத்தை, அந்த வேலையைச் செய்யும் கையே எட்டியது என்று கூறுவது மிகையாகாது.

ஆயினும் இது பூரணமான ஏற்பாடு அன்று. கட்டணம் தர மறுக்கும் வீடுகள் உண்டு. மழைக்காலத்தில் வண்டி தள்ளுவது கடினம். உடன்படிக்கைக் காலம் முடியுந்தோறும், பெரிய ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடலாமே என்ற யோசனை தலைதூக்கியதுண்டு. பொறுக்கும் தொழில் வழிவழியாக ஒரே வகுப்பாரிடம் தங்கிவிடுவதும் மகிழ்ச்சிக்குரியது அன்று. எனினும், வேலையைப் பறிகொடுத்து வெளியேறுவதைவிடச் சீருடையும் அடையாள அட்டையும் பெற்று அதே வேலையை மதிப்புடன் செய்வது மேல் என்பது அப்பெண்களின் தீர்ப்பு.

இந்தூர் சென்ற வழி இதற்கு நேர்மாறானது. அங்கே மாநகராட்சியே முழுப் பொறுப்பையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2016-ஐ ஒட்டிய ஒன்றிரண்டு ஆண்டுகளில் 85 வார்டுகளிலும் வீடு வீடாக மோட்டார் வண்டி செல்லலாயிற்று. தெருவோரப் பெருந்தொட்டிகள் அகற்றப்பட்டன. தெருத்தொட்டி இருக்கும்வரை, இரவில் யாரும் காணாமல் கலந்த குப்பையைக் கொட்டிவிட வழி உண்டு. தொட்டி மறைந்ததும் வண்டியை எதிர்பார்ப்பது தவிர வேறு வழியில்லை. வண்டி குறித்த நேரத்தில் பாட்டு முழங்க வந்தது; தவறினால் ஏன் தவறியது என்று கேட்கக் கட்டுப்பாட்டு நிலையம் இருந்தது. முதலில் ஈரம், உலர் என்றிருந்த பிரிவுகள் பின்னர் பிளாஸ்டிக், மின்சாதனக் கழிவு, உடற்சுகாதாரக் கழிவு, வீட்டு நச்சுக்கழிவு என ஆறாகப் பெருகின. பிரித்துத் தராதவர்மீது அபராதமும் விதிக்கப்பட்டது.

நகரத் தூய்மைக்கான தேசியக் கணக்கெடுப்பில் 2017 முதல் 2023 வரை அந்நகர் தொடர்ந்து முதலிடம் பெற்றதை நாடறியும்; 2023-இல் சூரத் நகருடன் அவ்விடத்தைப் பகிர்ந்துகொண்டது. விருதைவிட முக்கியமானது 2022 பிப்ரவரியில் அங்கே திறக்கப்பட்ட எரிவாயு நிலையம். நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைச் செரித்து வாகன எரிவாயுவும் உரமும் தரும் அளவில் அது அமைக்கப்பட்டது. நுண்ணுயிர்கள் செரிக்கும் அக்கலங்களில் பிளாஸ்டிக்கோ மணலோ சென்றால் எந்திரம் அடைபடும். வீட்டில் பிரித்து வாங்கும் வழக்கம் வேரூன்றாத நகரில் இத்தகைய நிலையத்தை நடத்துவது இயலாது. ஹோவார்டு உரக்குவியல் புரட்டிய அதே இந்தூரில், நூறாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தின் பின் இது நிகழ்ந்தது தற்செயலே. ஆனால் இனிமையான தற்செயல்.

வண்டியே வராத ஊர்

கேரளத்தின் ஆலப்புழையில் நேர்ந்தது வேறு. அந்நகரின் குப்பை பல்லாண்டுக் காலம் அருகிலுள்ள சர்வோதயபுரம் என்னும் சிற்றூரில் கொட்டப்பட்டு வந்தது. நாற்றமும் ஈயும் கெட்டுப்போன கிணற்று நீரும் பொறுக்கமாட்டாமல் அவ்வூர் மக்கள் லாரிகளை மறித்தனர்; 2012-இல் கொட்டுவது நின்றது. வாய்க்கால்களும் மணல்தரையும் உயர்ந்த நிலத்தடி நீரும் உடைய ஆலப்புழையில் வேறு இடம் தேடவும் இயலவில்லை. குப்பை தெருவிலும் வாய்க்காலிலும் தேங்கியது.

அவ்வாண்டிறுதியில் நகராட்சி ஒரு புதிய முடிவுக்கு வந்தது. ஈரக்கழிவை இனி எடுத்துச் செல்வதில்லை. அது தோன்றிய இடத்திலேயே மறைய வேண்டும் என்பதே அம்முடிவு. தோட்டம் உள்ள வீட்டார்க்கு எரிவாயுக்கலமும் குழாய் உரக்கலமும் மானியத்தில் தரப்பட்டன. இடம் இல்லாதவர்க்காகத் தெருமுனைகளில் ‘தும்பூர்முழி’ எனப்படும் கூண்டுகள் அமைந்தன. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் வடிவமைத்த இம்முறையில், ஏறக்குறைய நான்கடி நீள அகல உயரமுள்ள, பக்கங்களில் காற்றுப் புகும் இடைவெளி கொண்ட கூண்டினுள் சாணம், உலர்ந்த இலை, உணவுக்கழிவு என அடுக்கடுக்காக இடப்படும். உலர்ந்த இலையில் கரிச்சத்தும் உணவுக்கழிவில் நைட்ரஜனும் மிகுதி. இரண்டும் சரியான அளவில் அமைந்து காற்றும் புகுந்தால், நுண்ணுயிர்களின் உழைப்பால் குவியல் நன்றாகச் சூடேறும். அச்சூட்டில் ஈப்புழுவும் நோய்க்கிருமியும் பிழைப்பதில்லை. ஏறத்தாழ மூன்று மாதங்களில் உரம் கிடைக்கும். இலையைக் குறைத்துச் சோற்றையும் குழம்பையும் மிகுதியாகக் கொட்டினால் ஈரம் தங்கிக் காற்று அடைபட்டு நாற்றம் கிளம்பும் என்பதையும் சொல்லவேண்டும். இம்முறை வெற்றி பெறுவதும் தோல்வியுறுவதும் பெரும்பாலும் ஒரு கூடை சருகைப் பொறுத்ததே. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2017-இல் கழிவுப் பிரச்சினையைச் சிறப்புறக் கையாளும் ஐந்து நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையைச் சுட்டிக்காட்டியது.

கேரளம் முழுவதிலும் பின்னர் பரவிய ஏற்பாட்டில் இக்கருத்தின் சாயல் உண்டு. குடும்பஸ்ரீயைச் சேர்ந்த பெண்களைக் கொண்டு அமைந்த ‘ஹரித கர்ம சேனை’ வீடுகளுக்கு நாள்தோறும் வருவதில்லை. பொதுவாக மாதம் ஒரு முறை வருகிறது. அது வாங்கிச் செல்வதும் மக்காத பொருளை மட்டுமே. அதையும் கழுவி உலர்த்தித் தரவேண்டும். பால் உறையைக் கழுவித் துணிக்கொடியில் காயப்போடும் காட்சியைப் பல வீடுகளில் காணலாம். ஒரு மாதம் வீட்டில் வைத்திருக்க வேண்டிய பொருள் நாறக்கூடாது அல்லவா? தூய்மைப் பிரசாரம் சொல்லி முடியாததை, வண்டியின் வருகைக்கு இடைப்பட்ட நாள்களின் எண்ணிக்கையே சாதித்துவிட்டது. ஊராட்சிகளில் பெரும்பாலும் மாதம் ரூ.50 என்றிருந்த கட்டணத்தின்மீது முணுமுணுப்புகளும் எழுந்தன. விலையற்ற உறையை நாமே கழுவிக் கொடுத்துப் பணமும் கொடுப்பதா என்று கேட்டவர் பலர். பிரம்மபுரம் தீக்குப் பின் மாநில அரசு இதில் கடுமை காட்டியது. 2023-இன் இறுதியில், செலுத்தாத கட்டணத்தை வரிப்பாக்கிபோல் வசூலிக்கச் சட்டத்தில் வழி செய்யப்பட்டது.

சத்தீஸ்கரின் அம்பிகாபூர் சிறிய நகர். அங்கே பெரிய எந்திரங்கள் எவையும் இல்லை. 2015-ஐ ஒட்டி, வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசனின் வழிகாட்டுதலில், மகளிர் சுயஉதவிக் குழுவினர் மூன்று சக்கர வண்டிகளில் வீடுதோறும் கழிவைப் பெற்று, வார்டுகளுக்கு அருகிலேயே அமைந்த கொட்டகைகளில் அதனைப் பல பத்து வகைகளாகப் பிரிக்கத் தொடங்கினர். ஒரே வகைக் காகிதம், ஒரே நிறப் பிளாஸ்டிக் என்று திரண்டால் வியாபாரி அதிக விலை தருவார் என்பதே இந்நுட்பமான பிரிவுக்குக் காரணம். நகரின் பழைய குப்பைமேடு பூங்காவாயிற்று. 2019-இல் அந்நகராட்சி திறந்த உணவுச்சாலையில் ஒரு கிலோ பிளாஸ்டிக் கொடுத்தவர்க்குச் சாப்பாடும், அரைக் கிலோ கொடுத்தவர்க்குச் சிற்றுண்டியும் வழங்கப்பட்டன. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த வழக்கத்தின் புதிய பிறவி இது எனலாம்.

ஒரே நகரில் இரு வழக்கங்கள்

ஊருக்கு ஊர் மட்டுமன்றி, ஒரே நகரின் தெருவுக்குத் தெருவும் வழக்கம் வேறுபடுகிறது. பெங்களூரில் 2012-இல் மாவள்ளிபுரம் குப்பைமேடு மூடப்பட்டபோது நகரம் நாறியது. அதன்பின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல தமக்கென ஆள் அமர்த்தி, தரம் பிரித்து, தோட்டத்தில் உரக்குழியும் அமைத்துக்கொண்டன. அவற்றின் மதில்சுவருக்கு அப்பாலுள்ள நெருக்கமான குடியிருப்புகளில் மோட்டார் வண்டி நுழைய வழியே இல்லை. பத்தடி அறையில் ஐவர் வாழும் வீட்டில் மூன்று கூடைகளை எங்கே வைப்பது? கணவனும் மனைவியும் விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டால், காலை ஒன்பது மணிக்கு வரும் வண்டிக்கு யார் எடுத்துக் கொடுப்பது? அத்தகைய தெருமுனையில் குவியும் குப்பையைக் கண்டு அங்கு வாழ்வோரின் பழக்கத்தைக் குறை கூறுவது எளிது. வண்டியின் நேரத்தை மாலைக்கு மாற்றிப் பார்ப்பவர் குறைவு.

வசதி படைத்த வீடுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே கழிவைக் கூடையில் இடுபவர் வீட்டுக்காரர் அல்லர். வேலைக்கு வரும் பெண். வீட்டுக்காரர்க்கு ஆங்கிலத்தில் அச்சிட்ட துண்டறிக்கை கொடுப்பதால் அக்கூடை மாறுவதில்லை.

எல்லாவற்றையும்விட வலிய தடை வேறொன்று. வீட்டார் அக்கறையுடன் பச்சைத் தொட்டியிலும் நீலத் தொட்டியிலும் பிரித்து வைத்ததை, வண்டிக்காரர் வாசலிலேயே ஒன்றாகக் கொட்டுவதை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். மறுவாரம் அவர்கள் பிரிப்பதை நிறுத்திவிடுவர். வண்டிக்காரரைக் கடிந்து பயனில்லை. பல நகரங்களில் ஒப்பந்தக்காரருக்குப் பணம் டன் கணக்கில் அளிக்கப்படுவதுண்டு. எடை கூடினால் வருமானம் கூடும். ஈரம் கலந்தால் எடை கூடும். தெரு மண்ணும் கட்டட இடிபாடும் சேர்ந்தால் இன்னும் கூடும். காகிதத்தையும் புட்டியையும் பிரித்தெடுத்து விற்க அனுமதித்தால் அவ்வளவு எடை குறையும். இவ்வாறு எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்கீழ்க் கலந்து ஏற்றுவதே ஆதாயம். புனேயின் கைவண்டிப் பெண்ணுக்குக் கலப்பு நட்டம். எடைக்கூலி லாரிக்குக் கலப்பு லாபம். இவ்விரண்டு வண்டிகளும் வரும் தெருக்களில் வாழும் குடும்பங்கள் கல்வியிலும் வருமானத்திலும் ஒரே நிலையினராக இருந்தாலும், அவற்றின் வழக்கங்கள் சில மாதங்களில் இரு வேறு திசையில் சென்றுவிடும். கள அலுவலர் ஒரு வார்டுக்குப் புதிதாகச் செல்லும்போது, வீட்டாரிடம் கேள்வித்தாளை நீட்டுமுன் வண்டியின் பின்னால் ஒரு நாள் சென்று, அது எங்கே கொட்டுகிறது, எடைமேடையில் யார் நிற்கிறார், கூலி எதற்குத் தரப்படுகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் பாதி ஆய்வு முடிந்ததாகும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டே ஆசிரியர்களும் இதைச் செய்யலாம். ஒரு வாரம் தம் தெருவுக்கு வண்டி வந்த நேரத்தையும் வராத நாளையும் எழுதிவரச் செய்வதற்குக் கருவி ஒன்றும் தேவையில்லை.

விலையற்ற பொருளுக்குச் செயற்கையாகவேனும் ஒரு விலையை உண்டாக்கினால் என்ன நிகழும் என்பதற்கும் அண்மையில் சான்றுகள் கிடைத்துள்ளன. கேதார்நாத் யாத்திரை வழியில் 2022-இல் பிளாஸ்டிக் புட்டிகளுக்கு ரூ.10 முன்பணமாக வசூலித்து, காலிப் புட்டியைத் திருப்பியவருக்கு அதனைத் திரும்ப அளிக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் நீலகிரி மாவட்டத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டி, அரசு மதுக்கடைகளில் விற்கும் புட்டிகளுக்கு ரூ.10 கூடுதலாகப் பெற்றுக் காலிப் புட்டிக்கு அத்தொகையைத் திருப்பித் தரலாயினர். காட்டோரங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உடைந்து கிடந்து யானை முதலிய விலங்குகளின் காலில் தைத்துவந்தவை அப்புட்டிகளே. விற்ற புட்டிகளில் மிகப் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பி வரத் தொடங்கின. குடித்தவர் எறிந்ததைப் பிறர் பொறுக்கிக் கொண்டுவந்து பத்து ரூபாய் பெற்றதும் உண்டு. இத்திட்டம் பின்னர் படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. திரும்பிவரும் புட்டிகளை எண்ணி அடுக்கக் கடையில் இடமும் இல்லை, ஆளும் இல்லை என்று ஊழியர்கள் முறையிட்டனர்.